பதினேழாம் கிணற்று வாயு

ஏறாவூர்,
1928 யூன் 12

சரீப் மச்சானுக்கு, கைறுன்னிஸா ஸலாம் சொல்லி எழுதுவது.

உங்கள் கடிதம் வந்தது. உம்மாவின் முழங்கால் வலியை விசாரித்திருந்தீர்கள். பர்மா வெயில் நம் ஊர் வெயிலைவிடக் கொடுமை என்றிருந்தீர்கள். அரிசி மில்லில் உங்களுக்குப் பிறகு எஞ்சினை யார் பார்க்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். இவற்றுக்கு நடுவே, அந்த எண்ணெய்க் கம்பனியில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைத்துவிட்டதாக அரை வரி. மற்றதை எல்லாம் ஒருமுறை வாசித்தேன். அந்த அரை வரியை எத்தனை முறை வாசித்தேன் என்று எனக்கே தெரியாது.

போகும்போது ஒரு வருடம் என்றீர்கள். பிள்ளை வயிற்றில் இருந்தது. உங்கள் சினேகிதர் ஏர்னஸ்ட் புளியந்தீவிலிருந்து வந்து, தான் பர்மாவில் வேலை செய்கிற எண்ணெய்க் கிணறுகளில் எஞ்சின் தெரிந்தவர்களுக்கு நல்ல மதிப்பு என்று வாசலில் நின்று சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகு நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். நான் ஓம் என்றேன். என் வாயால் சொன்ன சொல் அது. அதற்காக உங்களைக் குறை சொல்லமாட்டேன். இந்த இரண்டாவது கையெழுத்துக்கு என்னிடம் யாரும் கேட்கவில்லை.

நம் மகள் றமீஸா சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். மூக்கு உங்கள் மூக்குத்தான் என்று பிள்ளை பிறந்த அன்றே மருத்துவிச்சி உம்மு குல்தூம் சொன்னார். அந்த மூக்கை அவளுடைய வாப்பா இன்னும் பார்க்கவில்லை.

அங்கே உங்களை அப்படி எது பிடித்து வைத்திருக்கிறது? எஞ்சின் என்றால் மில்லிலும் எஞ்சின்தான் இருந்தது. என்ன வேலை செய்கிறீர்கள் என்று எனக்கு விளங்கும்படி ஒருமுறை எழுதுங்கள். விளங்கினால் கோபம் குறையும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன்.

கைறுன்னிஸா


யெனான்ஜவுங், பர்மா,
1928 யூலை 20

கைறுன்னிஸா,

நீ கோபமாக இருக்கிறாய் என்பது உன் கையெழுத்திலேயே தெரிந்தது. ஓதப்பள்ளியில் படித்த அறபு எழுத்தில் நீ தமிழ் எழுதினால், எழுத்துகள் எப்போதும் சாய்ந்து ஒன்றின் தோளில் ஒன்று கிடக்கும். இந்தக் கடிதத்தில் எல்லாம் நிமிர்ந்து நிற்கின்றன.

உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. இதை எழுதிவிட்டு அடிக்கப் பார்த்தேன். பிறகு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வேலையைச் சொல்கிறேன். நம் வீட்டு விளக்கில் எரிகிற மண்ணெண்ணெய் இங்கே நிலத்துக்கு அடியில் இருக்கிறது. கிணறு என்றால் நம் கிணறு போலல்ல. ஒரு ஆள் கட்டிப்பிடிக்கும் அளவு இரும்புக் குழாயை ஆழத்துக்கு இறக்கியிருப்பார்கள். புதுக் கிணறாக இருந்தால் அடியில் உள்ள வாயுவே எண்ணெயைத் தள்ளி மேலே கொண்டுவரும். சில வருடம் போனால் அந்தப் பலம் குறைந்துவிடும். எண்ணெய் அடியிலே கிடக்கும், மேலே வராது. பம்பு வைத்து இழுத்தால் மணல் வந்து பம்பைத் தின்றுவிடும். அப்படிச் செத்துப்போன கிணறுகள் இங்கே வரிசையாக நிற்கின்றன.

இப்போது செய்வது என்னவென்றால், மற்றக் கிணறுகளில் வீணாக எரித்துவிடுகிற வாயுவைச் சேர்த்து, கொம்பிரசர் என்ற எஞ்சினால் நெருக்கி, பலமாக்கி, செத்த கிணற்றுக்குள் அனுப்புகிறோம். பெரிய குழாய்க்குள் ஒரு சின்னக் குழாய் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியால் வாயு கீழே போகும். அடியில் எண்ணெயோடு கலந்து சின்னக் குழாய் வழியாக மேலே வரும். நீ சோறு வடிக்கும்போது உலை பொங்கி மூடியைத் தள்ளுகிறது அல்லவா? தண்ணீர் கூடவில்லை. குமிழி உள்ளே புகுந்ததால் பாரம் குறைந்து எழும்புகிறது. இதுவும் அதுதான்.

அந்தக் கொம்பிரசர் என் பொறுப்பில் இருக்கிறது. பதினேழாம் கிணற்றுக்கு முதன்முதலாக வாயு அனுப்பிய அன்று, மேல் குழாய் முதலில் இருமியது. பிறகு துப்பியது. பிறகு கறுப்பாக, தடிப்பாக வந்துகொண்டே இருந்தது. ஏர்னஸ்ட் என் முதுகில் அடித்து, "மச்சான், மௌத்தான கிணறு எழும்பிட்டுதுடா!" என்றான். அரிசி மில்லில் எனக்கு ஒருநாளும் அப்படி இருந்ததில்லை.

கம்பனி வேலிக்கு அப்பால் பர்மாக்காரர் கையால் தோண்டிய பழைய கிணறுகளும் உண்டு. பரம்பரை உரிமை என்பதால் கம்பனி அதைத் தொட முடியாது. அதில் ஒன்று கோ பா சின் என்பவருடையது. கோ என்றால் நம் காக்கா மாதிரி, அண்ணன் முறை. தகரத் தொப்பியால் தலையை மூடி, அதற்கு மேலேயிருந்து ஒரு குழாயால் காற்று அடிக்க, கயிற்றில் இறங்கி எண்ணெய் அள்ளுவார். கயிற்றை இழுப்பவர்களில் அவருடைய மனைவியும் ஒருத்தி. ஓய்வு கிடைத்தால் அவர்கள் வீட்டில் தேநீர் குடிப்பேன்.

நீயும் பிள்ளையும் இங்கே வந்தால் என்ன? யோசித்துப் பார்.

சரீப்


ஏறாவூர்,
1928 செப்தெம்பர் 9

மச்சான்,

விளங்கியது. சோறு வடிக்கும்போது அடுப்படியில் நின்று உலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உம்மா வந்து, "என்னகா, சோத்துப் பானையோட கதைக்கிறியா?" என்று கேட்டா. நீங்கள் எழுதியதைச் சொன்னேன். "அப்ப அவர் அங்க போய் சோறுதான் ஆக்கிறாரா?" என்றா. சிரித்துவிட்டேன். சிரித்தது பிழை என்று பிறகு நினைத்தேன்.

வரச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். இந்த வீடு என் வாப்பா எனக்குக் கட்டித் தந்தது. கல்யாணத்தன்று நீங்கள் இந்த வீட்டுக்கு வந்தீர்கள்; நான் உங்கள் வீட்டுக்கு வரவில்லை. நம் ஊரில் பெண் வீட்டோடு இருப்பாள், மாப்பிள்ளை வருவார். நீங்கள் அதை மறந்திருக்கமாட்டீர்கள். நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு புருசனைத் தேடிப் போனால், வீட்டைக் காப்பாற்றத் தெரியாதவள் என்று பேர் வரும். உம்மாவைத் தனியே விடவும் முடியாது. தங்கச்சி நஸீறாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஊரில் ரயில் ஓடுகிறது. முதல் நாட்களில் தன்னாமுனையிலிருந்தெல்லாம் சனம் பார்க்க வந்தது. றமீஸாவை முகைதீன்பாவா காக்கா தோளில் தூக்கிப்போய்க் காட்டினார். கிரான் வட்டையில் வயல் வேலை இருந்தும் அவர் நாள்தோறும் வந்து அவளைப் பார்க்காமல் போவதில்லை. அதனால் ஒன்று நடந்திருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

அவள் காக்காவை வாப்பா என்று கூப்பிடுகிறாள். எங்கள் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. காக்காவும் ஒவ்வொரு முறையும், "மாமா எண்டு சொல்லு மகள், நான் மாமா" என்று திருத்துகிறார். அவள் கேட்கிறாளில்லை.

உங்களை நோகடிக்க இதை எழுதவில்லை. இல்லை, கொஞ்சம் அதற்காகவும்தான்.

கைறுன்னிஸா


யெனான்ஜவுங்,
1928 டிசெம்பர் 3

கைறுன்னிஸா,

பிள்ளையைப் பற்றி நீ எழுதியதற்குப் பதில் எழுதப் பல முறை உட்கார்ந்தேன். வரவில்லை. இப்போது வேறொன்று நடந்துவிட்டது.

கொஞ்ச நாளாகவே பதினேழாம் கிணறு சரியில்லை. வழக்கமான அளவு வாயுவை அனுப்பியும் எண்ணெய் குறைந்துகொண்டு வந்தது. அமுக்கம் காட்டுகிற முள் இருக்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. உள்ளே போகிற வாயுவெல்லாம் மேலே திரும்பி வரவில்லை என்று எனக்குப் பட்டது. சொன்னேன். இன்னும் கூட்டி அனுப்பு என்று பெரிய துரை உத்தரவிட்டார். கூட்டினேன்.

அன்று கோ பா சின் தன் கிணற்றில் இறங்கியிருக்கிறார். அடியிலிருந்து வாயு கிளம்பி கிணற்று வாயை நிறைத்துவிட்டது. காற்றடிக்கிற பெட்டி அந்த வாயோரம்தான் இருக்கும். அது நல்ல காற்றுக்குப் பதில் வாயுவை இழுத்து அவருடைய தொப்பிக்குள் அனுப்பியிருக்கிறது. கயிறு துவண்டதைப் பார்த்து மனைவி மா ஷ்வே யின் கத்த, எல்லோருமாக இழுத்து வெளியே எடுத்தார்கள். அவருக்கு நினைவில்லை. சத்தம் கேட்டு வேலியைத் தாண்டி ஓடினேன். மணம் எனக்குத் தெரிந்த மணம், எங்கள் கொம்பிரசர் வாயுவின் மணம். திரும்பி ஓடி வந்து, யாரையும் கேட்காமல் வால்வைப் பூட்டினேன்.

துரை வந்து யாரைக் கேட்டுப் பூட்டினாய் என்று சத்தம் போட்டார். விசாரணை வைக்கப்போகிறார்கள். துரை இப்போது ரங்கூன் போயிருக்கிறார், திரும்பிய பிறகுதான்.

கையால் தோண்டிய கிணறுகளில் கொஞ்சம் வாயு எப்போதும் இருக்கும். அதனால்தான் அந்தத் தொப்பியே. ஆகவே, வாயு முன்பிருந்தே இருந்தது என்று நான் சொன்னால் அது முழுப் பொய்யும் அல்ல. அப்படிச் சொன்னால் மேஸ்திரி வேலை கிடைக்கும் என்று எழுத்தர் ஒருவர் காதில் போட்டார். கம்பனி வாயுதான் அங்கே போனது என்று சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஏர்னஸ்ட், "சும்மா வாயப் பொத்திக்கொண்டு இரி மச்சான். உனக்கும் பிள்ள இரிக்கி" என்கிறான்.

சென்ற முறை உன்னைக் கேட்காமல் கையெழுத்து வைத்தேன். இந்த முறை கேட்கிறேன். நான் என்ன சொல்ல?

சரீப்


ஏறாவூர்,
1929 ஜனவரி 11

மச்சான்,

வெள்ளத்தால் தபால் பிந்தியது. ஆற்று நீர் ஏறி மில் வாசல்வரை வந்து இப்போதுதான் வடிகிறது.

உங்கள் கடிதத்தை வாசித்து முடித்ததும் எனக்கு முதலில் என்ன வந்தது தெரியுமா? சந்தோசம். உண்மையைச் சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற இடத்தில் என் கண் நின்றுவிட்டது. நோன்புப் பெருநாளைக்கு நீங்கள் இருப்பீர்கள், பிள்ளை உங்களை வாப்பா என்பாள் என்று நினைத்துக்கொண்டே எழுந்துபோய், உங்கள் பெட்டியில் இருந்த சட்டைகளை எடுத்து வெயிலில் போட்டேன்.

போட்டுவிட்டு வந்து திரும்ப வாசித்தேன். அப்போதுதான் வெட்கமாக இருந்தது. ஒரு மனிதரை மூச்சில்லாமல் கிணற்றிலிருந்து இழுத்திருக்கிறார்கள். நான் சட்டை காயப்போடுகிறேன்.

அதனால் நான் சொல்லமாட்டேன், மச்சான். உண்மையைச் சொல்லுங்கள் என்று எழுதினால், அதை எழுதுவது நீதியா என் ஆசையா என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. நாளைக்கு வேலை போய் நீங்கள் மில் வாசலில் நின்றால், இவள் தனக்காகச் சொன்னாள் என்று ஒருநாள் நினைப்பீர்கள். என்னைக் கேட்டது எனக்குப் போதும். கேட்டதற்காக மனம் ஆறிவிட்டது. பதில் உங்களுடையதாக இருக்கட்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். முழுக் கடிதத்திலும் நீங்கள் அதைச் சொல்லவில்லை. அந்த மனிதர் உயிரோடு இருக்கிறாரா? கயிறு இழுத்த அந்தப் பெண் எப்படி இருக்கிறா?

துஆவுடன்,
கைறுன்னிஸா


யெனான்ஜவுங்,
1929 மார்ச் 17

கைறுன்னிஸா,

இருக்கிறார். பாயில் சாய்ந்து உட்கார்ந்து சுருட்டுச் சுற்றுகிறார். தலைச்சுற்று விட்டுவிட்டு வருகிறது, இனிக் கிணற்றில் இறங்க முடியாது. இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். எனக்கு என்ன ஆகும் என்பதிலேயே மனம் இருந்துவிட்டது. உன் கேள்வியை வாசித்த பிறகு, விசாரணையில் என்ன சொல்வது என்ற குழப்பம் எனக்கு இருக்கவில்லை.

விசாரணை கம்பனி ஆபீசில் நடந்தது. பெரிய துரை, ரங்கூனிலிருந்து வந்த இன்னொரு துரை, மா ஷ்வே யின், நான், ஏர்னஸ்ட். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எஞ்சினோடு பேசப் போதும். துரையோடு பேசக் காணாது. அதனால் நான் தமிழில் சொல்ல, ஏர்னஸ்ட் இங்கிலீஷில் சொல்வதென்று ஏற்பாடு. வாயைப் பொத்து என்றவனுடைய வாய் வழியாகத்தான் என் சொல் போக வேண்டும்.

அந்தக் கிணற்றில் முன்பும் வாயு இருந்ததா என்று கேட்டார்கள்.

"முன்னமும் கொஞ்சம் இருந்தது" என்றேன். "ஆனா அண்டைக்கு வந்தது எங்கட வாயு. கொம்பிரசர் ஓடினா அங்க கூடுது, நிப்பாட்டினா குறையுது. பதினேழாம் கிணத்துப் பெரிய குழாய் எங்கயோ அரிச்சு ஓட்டையாப் போயிரிக்கி. அந்த ஓட்டையால மண்ணுக்குள்ள போய், அவங்கட கிணத்துக்கு வருது."

ஏர்னஸ்ட் சட்டைப் பைக்குள் கையை விட்டான். கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தான். துரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னத சொன்ன மாதிரியே சொல்லு மச்சான்" என்றேன்.

பிறகு பேசினான். மெதுவாகத் தொடங்கி நீளமாகப் பேசினான். நான் சொன்னதைவிட அது நீளமாக இருந்ததால் எனக்குப் பயம் வந்துவிட்டது. வெளியே வந்ததும், "அவ்வளவு நேரம் என்னடா சொன்ன?" என்று கேட்டேன். "நீ சொன்னதைத்தான். கடைசியில ஒண்டு கூட்டிப்போட்டன்" என்றான். "என்ன?" என்றேன். "நானும் கண்டன் எண்டு."

இரண்டு பேருமாக நடந்துபோய் ஆற்றங்கரையில் இருந்தோம்.

மறுநாள் ரங்கூன் துரையே கிணற்றடிக்கு வந்தார். வெளியே வரும் வழியைப் பூட்டி, வாயுவை நிரப்பி, உள்ளே போகும் வழியையும் பூட்டச் சொன்னார். குழாய் நல்லதென்றால் முள் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். எல்லோரும் பார்க்கப் பார்க்க முள் இறங்கியது. அந்த நேரமே கோ பா சின்னின் கிணற்றடியிலிருந்து வாயு மணக்கிறது என்று ஆள் ஓடி வந்தான். துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பதினேழாம் கிணற்றை மூடிவிட்டார்கள். கோ பா சின்னுக்குக் கம்பனித் தோட்டத்தில் காவல் வேலை கொடுத்திருக்கிறார்கள். அது போதாது என்று மா ஷ்வே யின் இன்னும் ஆபீசுக்கு நடக்கிறா. நடக்கட்டும்.

இனி எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என்னை அனுப்பவில்லை. வேலி ஓரமாக உள்ள எல்லாக் கிணறுகளையும், வாயு விடுமுன் ஒவ்வொன்றாக இப்படிச் சோதிக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது. அதை நானும் ஏர்னஸ்டும் செய்ய வேண்டும். ஒப்பந்தம் முடியும்வரை லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். உண்மையைச் சொல்லி வீட்டுக்கு வரலாம் என்று நானும் உள்ளுக்குள் நம்பித்தான் இருந்தேன். அந்த உண்மையே என்னை இங்கே இருத்திவிட்டது.

இப்போது வேலையை விட்டுவிட்டு வா என்று நீ எழுதினால் வந்துவிடுவேன். மனத்தாங்கல் இல்லாமல் வருவேன். ஆனால் நான் போனால் வேறொருவன் முள்ளைப் பார்ப்பான். எப்படிப் பார்ப்பானோ தெரியாது.

உன்னை வரச் சொல்லி இனி நான் கேட்கமாட்டேன்.

சரீப்


ஏறாவூர்,
1929 மே 6

மச்சான்,

நஸீறாவுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை ஓட்டமாவடி ஆள், அப்துல் கபூர் என்று பேர், அமைதியானவர். நஸீறாவின் வீட்டுக்கு இன்னும் கூரை ஏறவில்லை. அதனால் என் வீட்டில் அவர்களை இருத்தியிருக்கிறேன். உம்மாவும் அவளோடு இருப்பா.

நான் எங்கே இருப்பேன் என்று கேட்பீர்கள். உம்மாவும் அதைத்தான் கேட்டா.

"நான் பர்மாவுக்குப் போறன்" என்றேன்.

"கேட்டவங்க சிரிப்பாங்க புள்ள. மாப்பிளைக்குப் பின்னால போன பொம்புள எண்டு சொல்லுவாங்க."

"சொல்லட்டும். அவர் வந்தா அங்க ஒரு மனிசன் கிணத்துக்குள்ள மூச்சடைச்சுச் சாவான். நான் போனா இங்க யாரும் சாகமாட்டாங்க."

காக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தடுப்பார் என்றுதான் நினைத்தேன். உள்ளே வந்து றமீஸாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "போகட்டும் உம்மா. இவள் என்னை வாப்பா எண்டு கூப்பிடுறத என்னால இனிக் கேட்க ஏலாது" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிள்ளையை அவர் எவ்வளவு நேசிக்கிறார் என்று எனக்குத் தெரியும். இங்கிருந்து போவதில் எனக்குக் கடினமானது வீடு அல்ல, காக்காவின் மடியிலிருந்து இவளை இறக்குவதுதான்.

காத்தான்குடி கச்சி முகம்மது மாமாவுக்கு ரங்கூன் முகல் தெருவில் புடைவைக் கடை இருக்கிறது. அவரும் மாமியும் அடுத்த மாதம் கொழும்பில் கப்பல் ஏறுகிறார்கள். அவர்களோடு வருகிறேன். ரங்கூனில் அவர்கள் வீட்டில் இருப்பேன். அங்கிருந்து வரும் வழியை மாமா கடைக்கு எழுதிவிடுங்கள்.

ஒரு சொல் சொல்ல வேண்டும். அங்கே ஒரு வீடு வாடகைக்குப் பாருங்கள். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. அடுப்படிக்கு வெளிச்சம் வர வேண்டும். வாடகைச் சீட்டு என் பேரில் இருக்கட்டும். அங்கேயும் நீங்கள் என் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும்.

கைறுன்னிஸா


யெனான்ஜவுங்,
1929 யூன் 24

கைறுன்னிஸா,

இந்தக் கடிதம் கச்சி முகம்மது மாமாவின் கடையில் உன் கைக்குக் கிடைக்கும்.

ரங்கூனிலிருந்து புரோம் வரை ரயில். மாமா ஏற்றிவிடுவார். புரோமில் ஏர்னஸ்ட் நிற்பான். எனக்கு ஒரு நாள்கூட லீவு இல்லை என்றதும் தன் முறையை மாற்றிக்கொண்டு, "தங்கச்சிய நான் கூட்டி வாறன்" என்று அவனே புறப்படுகிறான். அங்கிருந்து ஆற்றுக் கப்பல். நம் வாவி போலல்ல; தண்ணீர் சேற்று நிறமாக இழுத்துக்கொண்டு போகும். பயப்படாதே. கரையில் இரும்புக் கோபுரங்கள் காடு போலத் தெரியத் தொடங்கினால் வந்துவிட்டாய் என்று அர்த்தம்.

வீடு பார்த்துவிட்டேன். மூங்கில் சுவர், மரத் தளம். அடுப்படி கிழக்குப் பார்த்தது. சீட்டு எழுதிய கிழவர், "புருசன் இருக்க ஏன் பெண் பேரில்?" என்று கேட்டார். எங்கள் ஊர் வழக்கம் என்றேன். பர்மாவிலும் பெண்ணுக்கு அப்படி மதிப்பு உண்டு என்று சொல்லி உடனே எழுதித் தந்தார். மா ஷ்வே யின் நேற்று வந்து தளத்தைக் கழுவிவிட்டுப் போனா. உன்னைப் பற்றிக் கேட்டா. அவருடைய புருசன் உயிரோடு இருக்கிறாரா என்று கடல் தாண்டி ஒரு பெண் கேட்டாள் என்று முன்பே சொல்லியிருந்தேன். அந்தப் பெண்தான் வருகிறாள் என்றேன்.

கப்பல் வரும் நேரம் துறையில் சனம் நெரியும். முக்காடு போட்டிருந்தாலும் நீ நிற்கிற விதத்தில் உன்னைக் கண்டுபிடித்துவிடுவேன். பிள்ளையைத்தான் எனக்குத் தெரியாது. கப்பல் கரையை நெருங்கும்போது அவளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடி. அவள் என்னை மாமா என்று கூப்பிட்டாலும் பரவாயில்லை. நான் திருத்திக்கொள்கிறேன்.

சரீப்